சின்னத்திரையில் மாற்றுத்திறனாளிகள்: இரக்கமா, உரிமையா?

(பண்பாட்டுக் கருத்தரங்கு ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மாலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு பத்து மணி வரை இந்நாட்டின் கோடிக்கணக்கான வீடுகளில் தொடர் நாடகங்கள் ஓடுகின்றன. செய்தித்தாள் எட்டாத வீடுகளுக்கும் அவை சென்று சேர்கின்றன. எது அழகு, எது பாவம், எது குடும்ப மானம் என்று நாள்தோறும் அவை பாடம் நடத்துகின்றன. அந்தப் பாடத்தில் மாற்றுத்திறனாளிக்கு ஒதுக்கப்பட்டுள்ள இடம் எது என்பதே இன்றைய கேள்வி.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் வாழ்கிறார்கள். இவர்களில் ஏறத்தாழ 69 சதவீதத்தினர் கிராமப்புறத்தினர். இந்த எண்ணிக்கையே குறைவானது என்பது மாற்றுத்திறனாளி அமைப்புகளின் நெடுநாள் வாதம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளையே ஏற்றிருந்தது. நீண்ட போராட்டத்திற்குப் பின் வந்த 2016ஆம் ஆண்டு உரிமைச் சட்டம் அதை 21 வகைகளாக விரித்தது. ஆட்டிசம், தசைச் சிதைவு, அமில வீச்சால் ஏற்பட்ட பாதிப்பு ஆகியவை இன்று சட்டத்தின் பட்டியலில் உள்ளன. ஆனால் தொடர் நாடகங்களின் பட்டியல் மிகச் சிறியது. கண் தெரியாதவர், சக்கர நாற்காலியில் இருப்பவர், வாய் பேசாதவர், "மனநிலை சரியில்லாதவர்" என்ற நான்கைந்து வார்ப்புகளே அங்கு மீண்டும் மீண்டும் வருகின்றன.

வார்ப்புகளின் வரலாறு

இந்த வார்ப்புகளைத் தனியார் தொலைக்காட்சிகள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. 1987இல் தூர்தர்ஷனில் இராமாயணமும், 1988இல் மகாபாரதமும் ஒளிபரப்பாகத் தொடங்கியபோது நாடே தொலைக்காட்சியின் முன் அமர்ந்தது. கூன் விழுந்த மந்தரை குடும்பத்தைக் கெடுத்தாள். நொண்டி நடந்த சகுனி குலத்தை அழித்தான். பார்வையற்ற திருதராட்டிரனின் கண்ணின்மையே அவனது நீதியின்மைக்கு உருவகமாயிற்று. உடலில் உள்ள கோணலை உள்ளத்தின் கோணலுக்கு அடையாளமாகக் காட்டும் பழைய வழக்கம், நவீனக் கருவியின் வழியே ஒவ்வொரு வீட்டின் நடுக்கூடத்திற்கும் வந்து சேர்ந்தது.

இரண்டாவது வார்ப்பு, பத்தினியின் தியாகத்திற்குக் களமாக வரும் கணவன். தொழுநோயுற்ற கணவனைக் கூடையில் சுமந்த நளாயினியின் கதை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 2006இல் ஜீ தொலைக்காட்சியில் தொடங்கிய "பனூ மைன் தேரி துல்ஹன்" தொடரில், எழுத்தறிவில்லாத ஏழைப் பெண் ஒருத்தி, மனநலம் பாதிக்கப்பட்டுக் குழந்தையைப் போல நடந்துகொள்ளும் பணக்கார இளைஞனுக்கு ஏமாற்றி மணமுடிக்கப்படுகிறாள். அவளது அன்பும் பொறுமையும் வெல்கின்றன. அவன் நலம் பெறுகிறான். இங்கே இரண்டு அநீதிகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்கின்றன. ஏழைப் பெண் ஏமாற்றப்பட்டது அவளது விதியாகவும் பெருமையாகவும் மாற்றப்படுகிறது. மனநலப் பாதிப்போ மருத்துவமும் ஆதரவும் தேவைப்படும் நிலையாக இல்லாமல், மனைவியின் தாலி பலத்தால் விலகும் கிரகணமாகிவிடுகிறது. இதே கதையை ஆண்-பெண் இடம் மாற்றிச் சொல்லத் தொடர்கள் துணிவதில்லை. மாற்றுத்திறனாளிப் பெண்ணுக்காகத் தன் வாழ்வைக் கரைத்துக்கொள்ளும் கணவன் திரையில் அபூர்வம்.

மூன்றாவது வார்ப்பு, திருப்பத்திற்காக வந்து போகும் குறைபாடு. கதை தொய்வடையும்போது நாயகிக்குப் பார்வை போகும். விழாக் காலச் சிறப்புத் தொகுப்பில் அறுவை சிகிச்சையால் அது திரும்பிவிடும். வில்லன் சக்கர நாற்காலியில் நடித்து ஏமாற்றுவான். கதவை மூடியதும் எழுந்து நடப்பான். இது வெறும் கதை உத்தி என்று ஒதுக்கிவிட முடியாது. பேருந்தில் சலுகை அட்டையைக் காட்டும் இளைஞரை மேலும் கீழும் பார்த்து, "உண்மையாகவே உனக்குக் குறைபாடு உள்ளதா?" என்று கேட்கும் நடத்துநரின் சந்தேகத்தை இத்தகைய காட்சிகளும் சேர்ந்தே வளர்க்கின்றன.

திரையில் வராத வாழ்க்கை

தொடர்களில் காட்டப்படுவதைவிடக் காட்டப்படாதது முக்கியமானது. நாடகத்தின் மாற்றுத்திறனாளி பெரும்பாலும் மாளிகையில் வாழ்கிறார். அவருக்கு வாகனமும் பணியாளரும் உண்டு. சான்றிதழுக்காக மாவட்ட மருத்துவமனைக்கு மூன்று முறை அலைவதில்லை. பேருந்தின் உயரமான படிக்கட்டின் முன் நின்று திகைப்பதில்லை. இந்திரா காந்தி தேசிய மாற்றுத்திறனாளி ஓய்வூதியத் திட்டத்தின் கீழ், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள, 80 சதவீதக் குறைபாடு கொண்ட ஒருவருக்கு ஒன்றிய அரசு தரும் பங்கு மாதம் 300 ரூபாய். அதாவது நாளொன்றுக்குப் பத்து ரூபாய். ஆயிரம் பகுதிகள் ஓடும் எந்தத் தொடரின் கதையிலும் இந்தப் பத்து ரூபாய்க்கு இடமில்லை.

குறைபாடு எப்படி வருகிறது என்பதற்கும் தொடர்களிடம் இரண்டே விடைகள் உள்ளன: சாபம் அல்லது சதி. மானேசரிலும் ஃபரீதாபாத்திலும் வாகன உதிரிபாகத் தொழிற்கூடங்களின் அழுத்த இயந்திரங்களில் விரல்களை இழக்கும் ஒப்பந்தத் தொழிலாளி எந்த நாடகத்திலும் வருவதில்லை. 1984 போபால் நச்சுவாயுக் கசிவின் பாதிப்பு அடுத்த தலைமுறையின் உடலிலும் தொடர்வது கதையாவதில்லை. காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் தெளிக்கப்பட்ட எண்டோசல்பானும் வில்லனாவதில்லை. மூலதனத்தின் இலாப வேட்டை உருவாக்கிய குறைபாட்டை, மாமியாரின் சூழ்ச்சி உருவாக்கியதாகக் காட்டுவது விளம்பரதாரருக்குப் பாதுகாப்பானது.

விதிவிலக்குகள் சொல்வது என்ன?

நேர்மையான முயற்சிகளே இல்லை என்று சொல்வது உண்மைக்குப் புறம்பானது. 2009இல் வந்த "ஆப்கி அந்தரா" ஆட்டிசம் உள்ள சிறுமியைக் கதையின் மையத்தில் வைத்தது. அச்சொல்லையே கேட்டறியாத பல வீடுகளுக்கு அது அச்சொல்லைக் கொண்டு சேர்த்தது. 2019இல் சோனி தொலைக்காட்சியில் வந்த "இஷாரோன் இஷாரோன் மே" தொடரின் நாயகன் செவித்திறனற்றவன், சைகைமொழியில் பேசுபவன். வரவேற்கத்தக்க தொடர்தான். ஆயினும் அப்பாத்திரத்தில் நடித்தவர் கேட்கும் திறனுள்ள நடிகர். பெண் வேடத்தை ஆண்களே கட்டிய காலத்தை நாடக உலகம் கடந்துவிட்டது. மாற்றுத்திறனாளி வேடத்தில் அந்தக் காலம் இன்னும் முடியவில்லை.

சுதா சந்திரனின் வாழ்க்கை இங்கு நினைவுகூரத்தக்கது. 1981இல் திருச்சிராப்பள்ளி அருகே நேர்ந்த பேருந்து விபத்தைத் தொடர்ந்து அவர் ஒரு காலை இழந்தார். ஜெய்ப்பூர் செயற்கைக் காலுடன் மீண்டும் மேடையேறினார். 1985இல் அவரது வாழ்க்கையே "மயூரி" என்ற தெலுங்குப் படமாயிற்று. அதில் அவரே நடித்தார். ஆனால் தொலைக்காட்சிப் பார்வையாளர்கள் அவரை நினைவில் வைத்திருப்பது, 2001இல் தொடங்கிய "கஹீன் கிஸீ ரோஸ்" தொடரின் ரமோலா சிக்கந்தாகத்தான். ஆணவமும் ஆடம்பரமும் கொண்ட அந்தப் பாத்திரத்திற்கும் அவரது காலுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கதையில் அனுதாபத்திற்காக அல்லாமல், நடிப்புத் திறனுக்காக ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்ட தருணம் அது. அதே சுதா சந்திரன், விமான நிலையச் சோதனைகளில் தமது செயற்கைக் காலை ஒவ்வொரு முறையும் கழற்றச் சொல்லுகிறார்கள் என்று 2021இல் பிரதமருக்குப் பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார். மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படை வருத்தம் தெரிவித்தது. புகழ்பெற்ற கலைஞருக்கே இந்த நிலை என்றால், பெயரறியாத ஒருவரின் நிலையை விளக்கத் தேவையில்லை. "தன்னம்பிக்கையால் வென்றார்" என்ற கதை முடியும் இடத்தில், தடைகள் நிறைந்த சமூகம் அப்படியே நிற்கிறது.

தீர்ப்பும் அதன் பயனும்

2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய நிபுண் மல்ஹோத்ரா வழக்கின் தீர்ப்பு, இப்போராட்டத்திற்குக் கிடைத்த ஒரு கருவி. "ஆங்க் மிச்சோலி" என்ற திரைப்படம் மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்துவதாக அவர் வழக்குத் தொடுத்திருந்தார். தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி ஜே.பி. பர்திவாலா அமர்வு, தணிக்கைச் சான்று பெற்ற படத்தில் தலையிட மறுத்தது. ஆனால் காட்சி ஊடகங்கள் அனைத்திற்குமான நெறிகளை வகுத்தது. மாற்றுத்திறனாளியைச் சிறுமைப்படுத்தும் நகைச்சுவை வேறு, அவர் வாழ்வைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு என்று பிரித்தது. இழிவான சொற்களைத் தவிர்க்க வேண்டும். மருத்துவ நிலையைத் தவறாகக் காட்டக் கூடாது. கேலிப் பொருளாகவும் காட்டக் கூடாது, அதிசய மனிதராகவும் காட்டக் கூடாது. படைப்பின் உருவாக்கத்தில் அவர்களின் பங்கேற்பு வேண்டும் என்பவை அதன் சாரம்.

இங்கு ஒரு தெளிவு அவசியம். தணிக்கைக் கத்தரிக்கோலை அரசின் கையில் மேலும் கூர்மைப்படுத்துவது இந்தக் கோரிக்கையின் நோக்கமன்று. அந்தக் கத்தரி முதலில் எவர் குரலை நறுக்கும் என்பது இடதுசாரிகள் அறிந்ததே. கோரிக்கை, சேர்ப்பதற்கானது. எழுத்தாளர் அறையிலும் நடிகர் தேர்விலும் மாற்றுத்திறனாளிகள் இடம்பெற வேண்டும். படப்பிடிப்புத் தளங்களில் சாய்தளமும் உரிய கழிப்பறையும் வேண்டும். மாலைத் தொடர்களுக்குத் துணைத்தலைப்பும் ஒலி விவரிப்பும் வேண்டும். பொது ஒளிபரப்பு நிறுவனமான பிரசார் பாரதி இதில் முன்னுதாரணமாக நடக்க வேண்டும். "திவ்யாங்" என்று தெய்விகப் பெயர் சூட்டிவிட்டு மாதம் 300 ரூபாயில் நிறுத்திக்கொள்ளும் ஆட்சியிடம், பெயரல்ல, உரிமையே கேட்கப்படுகிறது.

இறுதியாக ஒரு சுயவிமர்சனம். "செவிடன் காதில் ஊதிய சங்கு", "குருட்டு அரசு", "முடமாகிப்போன பொருளாதாரம்" ஆகிய தொடர்கள் இடதுசாரி மேடைகளிலும் ஏடுகளிலும் இன்றும் ஒலிக்கின்றன. அரசுக்குக் காது கேட்கும், கேட்டும் மறுக்கிறது. அதற்குக் கண் தெரியும், கண்டும் கடக்கிறது. ஆளும் வர்க்கத்தின் திட்டமிட்ட குற்றத்தை உழைக்கும் மக்களில் ஒரு பகுதியினரின் உடல்நிலையைக் கொண்டு வர்ணிப்பது அரசியல் ரீதியாகவும் பிழை. கூட்டம் நடக்கும் அரங்கின் வாசலில் எத்தனை படிகள் உள்ளன என்று எண்ணிப் பார்ப்பதும் இதில் அடங்கும். சின்னத்திரையைத் திருத்தும் போராட்டம் அந்தப் படிகளிலிருந்தும் தொடங்கட்டும்.