பழைய காரில் தீப்பொறியைத் தேடும் முறை



பழைய அம்பாசிடரோ, பிரீமியர் பத்மினியோ, சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான தொல்லை ஒன்று உண்டு. சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் நன்றாகச் சுற்றும். எஞ்சின் மட்டும் பிடிக்காது. உடனே பிளக்கை மாற்றுகிறோம், பிறகு காயிலை மாற்றுகிறோம், அதற்கும் சரிவராவிட்டால் கண்டென்சரை மாற்றுகிறோம். பணம் கரைகிறது, கோளாறு இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இன்று நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மாற்றுவதற்கு முன் சோதியுங்கள். அந்தச் சோதனையையும் வரிசை தப்பாமல் செய்யுங்கள். கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயி வாய்க்கால் கரையோடு நடந்து அடைப்பு எங்கே என்று பார்ப்பார். காரிலும் கரண்ட் போகும் வழியோடு அப்படித்தான் போக வேண்டும்.

அந்த வழி எது? பேட்டரியின் 12 வோல்ட் கரண்ட், சாவி ஸ்விட்ச் வழியாக இக்னிஷன் காயிலுக்குப் போகிறது. அங்கிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் வழியாக எர்த் ஆகிறது. பாயிண்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குள் காந்தப்புலம் சேர்கிறது. பாயிண்ட் திறந்த நொடியில் அது சட்டென்று குலைகிறது. அப்போது காயிலின் இன்னொரு சுற்றில் பல ஆயிரம் வோல்ட் பிறக்கிறது. அது தடித்த ஒயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு வந்து, ரோட்டர் காட்டும் பக்கம் திரும்பி, உரிய பிளக்கில் பொறியாகப் பாய்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது, நான்கு சிலிண்டர் வண்டியில் நொடிக்கு 100 பொறி வேண்டும். பாயிண்ட் நுனி கருகாமல் காப்பதும், காந்தப்புலம் சட்டென்று குலைய உதவுவதும் கண்டென்சரின் வேலை.

இனி சோதனைக்கு வருவோம். கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து வையுங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் பொறி பார்க்கவே கூடாது. முதலில் கசிவைச் சரிசெய்யுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இந்த வேலைக்குப் பக்கத்தில் வர வேண்டாம்.

காயிலிலிருந்து வரும் நடு ஒயரை டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து கழற்றி, காப்புறை போட்ட குறடால் பிடித்து, அதன் நுனியை எஞ்சின் இரும்புக்கு ஐந்தாறு மில்லிமீட்டர் தள்ளி வையுங்கள். இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் பட்பட்டென்று பொறி வந்தால் காயில், பாயிண்ட், கண்டென்சர் மூன்றும் வேலை செய்கின்றன. கோளாறு அதற்கு அப்பால் மூடி, ரோட்டர், பிளக் ஒயர், பிளக் இவற்றில்தான். பொறியே வராவிட்டாலும், மஞ்சளாகச் சோர்ந்து வந்தாலும், பார்க்க வேண்டியது இப்பால். இந்த ஒரே சோதனையில் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

இப்பால் தேடுவதற்கு ஒரு சாதாரண 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப் போதும். அதன் ஒரு முனையை எர்த்தில் மாட்டி, மறுமுனையைக் காயிலிலிருந்து பாயிண்டுக்குப் போகும் முனையில் வைத்து, சாவியைப் போட்டு, எஞ்சினை மெதுவாகச் சுற்றுங்கள். பாயிண்ட் திறக்கும்போது விளக்கு எரிந்து, மூடும்போது அணைய வேண்டும். எப்போதும் எரிந்துகொண்டே இருந்தால் பாயிண்ட் அழுக்கேறித் தொடாமல் இருக்கிறது, அல்லது வழியில் ஒயர் அறுந்திருக்கிறது. எரியவே இல்லை என்றால் காயிலுக்குக் கரண்ட் வருகிறதா என்று ஸ்விட்ச் பக்கத்து முனையில் பாருங்கள். அங்கே வருகிறது என்றால் காயில் உள்ளே அறுந்திருக்கலாம். அல்லது பாயிண்ட் பக்கம் எங்கோ ஒயர் உரசி எர்த் ஆகியிருக்கலாம். பாயிண்ட் மூடிய நிலையில் சாவியை நெடுநேரம் போட்டு வைக்காதீர்கள், காயில் சூடேறிக் கெடும்.

டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு சின்ன ஒயரைத் தவறாமல் பார்க்கச் சொல்வேன். பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு, வேக்குவம் இழுக்கும்போதெல்லாம் சற்றே திரும்பும். அதோடு சேர்ந்து மடங்கி மடங்கி, அந்த ஒயர் உறைக்குள்ளேயே அறுந்துபோகும். மேலுக்குப் பார்த்தால் முழுசாக இருக்கும். விரலால் மெல்ல இழுத்தால் ரப்பர் போல நீளும், அதுதான் அடையாளம். வண்டி ஓடும், திடீரென்று விக்கும், மறுபடி ஓடும். இதற்காகக் காயில் மாற்றியவர்கள் பலர்.

வண்டி அரை மணி நேரம் ஓடிச் சூடானதும் நின்று, ஆறியதும் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புகிறதா? காயிலோ கண்டென்சரோ சூட்டில் தளர்ந்திருக்கலாம். ஆனால் வெயிலில் பெட்ரோல் குழாயில் ஆவி அடைத்துக்கொண்டாலும் வண்டி இப்படியேதான் நிற்கும். பிரித்தறிய, நின்ற அந்த இடத்திலேயே பொறி பாருங்கள். பொறி நன்றாக இருந்தால் கரண்டைக் குறை சொல்லாதீர்கள். பெட்ரோல் வழியைப் பாருங்கள். மழைக்காலத்துக் காலைகளில் மட்டும் தகராறு என்றால் மூடியின் உட்புறத்தை உலர்ந்த துணியால் துடையுங்கள். பென்சிலால் கீறியது போலக் கருங்கோடு தெரிந்தால் பொறி அந்த வழியே ஓடி வீணாகிறது. மூடியை மாற்றத்தான் வேண்டும்.

பாயிண்டைச் சுத்தம் செய்த பிறகு இடைவெளி வைக்க வேண்டும். பெட்ரோல் அம்பாசிடருக்கு ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து, அதாவது ஏறக்குறைய 0.38 மில்லிமீட்டர். பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும்போது ஃபீலர் கேஜ் லேசாக உரசி நுழைய வேண்டும். இடைவெளி மாறினால் பொறி பாயும் நேரமான டைமிங்கும் மாறும். அதனால் இதைச் செய்த பிறகு டைமிங்கையும் பாருங்கள். பிளக் ஒயர்களைக் கழற்றினால் ஒவ்வொன்றிலும் எண் எழுதி வையுங்கள். அம்பாசிடர் எஞ்சினில் பொறி பாயும் வரிசை 1, 3, 4, 2. மாற்றிப் போட்டால் சைலன்சரில் வெடிச்சத்தம் கேட்கும், வண்டி கிளம்பாது.

இத்தனை வரிசை எதற்கு என்று கேட்கலாம். மேற்கு வங்கத்தில் உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. அதனால் ஊகத்தில் கழற்றி எறியும் ஒவ்வொரு நல்ல பாகமும் ஓர் இழப்பு. கடையில் வருடக்கணக்காகக் கிடந்த கண்டென்சர், புதிது என்பதாலேயே நல்லது ஆகிவிடாது. ஆகவே ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தை மாற்றுங்கள், மாற்றியதும் சோதியுங்கள், பழையதைப் பத்திரமாக வையுங்கள்.

இந்த வேலை தெரிந்த மெக்கானிக்குகள் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். அடுத்த முறை வண்டியை விடும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். "அண்ணே, பொறி வருதான்னு எப்படிப் பார்க்கிறீங்க?" என்று கேட்டால் மகிழ்ச்சியோடு காட்டுவார்கள். கம்ப்யூட்டர் இல்லாமல், கண்ணாலும் காதாலும் ஓர் இயந்திரத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.