பொதுக் குழாய்ச் செலவு: யாருக்கு எவ்வளவு?

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் பேசியது)



எங்கள் தெருவில் 20 வீடுகள் சேர்ந்து போர் போட்டு, வீட்டுக்கு வீடு குழாய் இழுத்தோம். மாசம் வீட்டுக்கு 100 ரூபாய். எல்லாருக்கும் ஒரே தொகைதானே, இதைவிட நியாயம் என்ன இருக்கு என்று நினைத்தோம்.

மோட்டார் காயில் எரிந்தபோதுதான் பிரச்சினை வந்தது. கடைசி வீட்டு அக்கா, "நான் தரமாட்டேன்"னு சொல்லிட்டாங்க. நாங்களும் கோபத்தில் பேசிவிட்டோம். அவங்க குழுக் கூட்டத்துக்கு வர்றதையே நிறுத்திட்டாங்க. சேமிப்பும் நின்றுபோனது.

மோட்டாரைச் சரிசெய்த பிறகு, ஒருநாள் தண்ணீர் விடும் நேரத்தில் அவங்க வீட்டுக்குப் போனோம். மூணு குடம் நிறைவதற்குள் குழாய் நின்றுவிட்டது. முதல் வீடுகளில் மாட்டுத் தொட்டியே நிரம்பி வழிகிறது! 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று கணக்கு. அக்கா வீட்டில் நாலு பேர். அப்படியானால் 220 லிட்டர், அதாவது 15 லிட்டர் குடத்தில் சுமார் 15 குடம் வரணும். தப்பு எங்கள் மேல்தான்.

பிறகு எல்லாரும் உட்கார்ந்து, மாசச் செலவு 2,000 ரூபாயை இரண்டாகப் பிரித்தோம். மோட்டார் போடுபவர் சம்பளமும் பழுது நிதியும் 1,200 ரூபாய். தண்ணீர் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஆகிற செலவு இது. ஆகவே வீட்டுக்கு 60 ரூபாய், சமம். மீதி 800 ரூபாய் கரண்டுக்கு. தண்ணீர் கூடினால் இதுவும் கூடும். அதனால் இது ஆள் கணக்கு. ஒரு மாட்டுக்கும் ஓர் ஆள் கணக்கு. மொத்தம் 80 வந்தது. தலைக்கு 10 ரூபாய். தனியாக இருக்கும் பாட்டிக்கு 70 ரூபாய். ஐந்து பேரும் இரண்டு மாடும் உள்ள வீட்டுக்கு 130 ரூபாய்.

பணத்தைப் பிரிச்சா மட்டும் போதாது, தண்ணியும் பிரியணும். வால்வு வைத்து, கடைசி வீடுகளுக்கு முதல் அரை மணி நேரம் விடுகிறோம். தண்ணீர் வராத நாளுக்குக் கரண்டுப் பங்கு கழிவு. குழாயில் தனி மோட்டார் வைத்து உறிஞ்சக் கூடாது. இதையெல்லாம் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம். மாதாமாதம் வரவு செலவை எல்லார் முன்னாலும் வாசிக்கிறோம். முதல் வீட்டுக்காரங்க கொஞ்சம் முணுமுணுத்தாங்க. கணக்கைப் பார்த்ததும் ஒத்துக்கொண்டார்கள்.

அக்கா இப்போது கூட்டத்துக்கு வருகிறார். பழைய பாக்கியை நாங்கள் கேட்கவில்லை.

சகோதரிகளே, உங்கள் தெருவில் யாராவது பணம் தரலைன்னா, சண்டைக்குப் போகும் முன்னால் அவங்க வீட்டுக் குழாயைத் திறந்து பாருங்கள்.