வைரம் பாய்ந்த துப்பறிவோன்



துப்பறியும் கதை என்றதும் இலக்கிய ஆர்வலர் பலர் முகத்தைத் திருப்பிக்கொள்வதுண்டு. பஸ் பயணத்தில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுச் செல்லும் புத்தகம், மாணவர் தமிழ்ப் பாடநூலுக்குள் மறைத்து வைத்துப் படிக்கும் புத்தகம் என்பதே அதைப் பற்றிய பொதுவான எண்ணம். தெஹியோவிட்டப் பகுதியில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில், இரண்டாவதாகச் சொன்ன வகைப் புத்தகங்கள் பலவற்றை மாணவரிடமிருந்து நான் வாங்கி வைத்திருக்கிறேன். படித்து முடித்த பின் திருப்பிக் கொடுத்தும் இருக்கிறேன். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அத்தகைய கதைகளுள் ஒரு தனி வகை. அண்மையில் கொழும்பு டி. ஆர். விஜேவர்த்தன மாவத்தையோரத்துப் பழைய புத்தகக் கடையொன்றில் கிடைத்த ஓர் ஆங்கில நாவல் அந்த வகையை எனக்கு அறிமுகம் செய்தது. நாவல் பழையது, எனக்குப் புதியது.

துப்பறியும் கதையின் வரலாறு ஓரளவு எல்லாருக்கும் தெரிந்ததுதான். அமெரிக்கரான எட்கார் அலன் போ 1841இல் அதற்குக் கால்கோள் இட்டார். 1887இல் ஆதர் கொனன் டொயில் ஷெர்லொக் ஹோம்ஸைப் படைத்தார். இந்த மரபில் வரும் கதைகளுக்கு ஒரு பொது அமைப்பு உண்டு. அமைதியான ஒரு வீடு. அங்கே ஒரு கொலை. ஐந்தாறு பேர்மீது சந்தேகம். மதிநுட்பம் மிக்க ஒருவர் வருகிறார். காலடித் தடத்தையும் சுருட்டுச் சாம்பலையும் பார்த்துக் குற்றவாளியைச் சுட்டிக்காட்டுகிறார். அவனைப் பொலிசார் கொண்டு போனதும் வீடு பழையபடி அமைதியாகிவிடுகிறது. குற்றம் என்பது நல்ல உடம்பில் பட்ட முள் போன்றது, முள்ளை எடுத்துவிட்டால் உடம்பு நலமாகிவிடும் என்ற நம்பிக்கை இக்கதைகளுக்கு அடிப்படை.

முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் இந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. மதுவிலக்குச் சட்டம் கள்ளச் சாராயக்காரரைக் கோடீஸ்வரர் ஆக்கியது. பொலிசும் நகரசபையும் அவர்களின் சட்டைப் பைக்குள் போயின. 1920இல் தொடங்கிய 'பிளாக் மாஸ்க்' என்ற மலிவு விலைச் சஞ்சிகை இந்தச் சூழலைக் கதையாக்கியது. அதில் வளர்ந்த கதைகளை, நன்றாக அவிந்து இறுகிய முட்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லால் அழைத்தார்கள். அதை அப்படியே தமிழாக்கினால் கேட்பவர் சிரிப்பார்கள். நம்மிடம் 'வைரம் பாய்ந்த' என்ற அருமையான வழக்கு இருக்கிறது. மழையிலும் வெயிலிலும் நின்று உள்ளே இறுகிய மரத்தை அப்படிச் சொல்கிறோம். ஆகவே இந்தக் கதைகளின் நாயகனை 'வைரம் பாய்ந்த துப்பறிவோன்' எனலாம்.

இவ்வகையைச் செப்பனிட்டவர் டஷியல் ஹமெட். 1894இல் பிறந்து 1961இல் மறைந்தவர். பிங்கர்டன் என்ற தனியார் துப்பறியும் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். ஆகவே துப்பறிதல் என்றால் என்னவென்று கைபட அறிந்தவர். 1923 முதல் அவர் எழுதிய கதை வரிசையில் வரும் துப்பறிவோனுக்குப் பெயரே இல்லை. கொண்டினென்டல் என்ற நிறுவனத்தின் ஊழியன், அவ்வளவுதான். குட்டையானவன், பருத்தவன், நடுத்தர வயதினன். சம்பளத்துக்கு வேலை செய்கிறான். வயலின் வாசிப்பதில்லை, தத்துவம் பேசுவதில்லை. நம் ஊர்க் கடையில் பக்கத்தில் நின்று தேநீர் குடித்தாலும் நாம் திரும்பிப் பார்க்கமாட்டாத மனிதன்.

இந்த வரிசையின் முதல் நாவல் 1929இல் வெளிவந்த 'ரெட் ஹார்வெஸ்ட்'. சிவப்பு அறுவடை என்று சொல்லலாம். பழைய புத்தகக் கடையில் எனக்குக் கிடைத்தது இதுதான். கதை நடக்கும் இடம் பர்சன்வில் என்ற சுரங்க நகரம். அங்குள்ளவர்கள் அந்தப் பெயரை நஞ்சூர் என்று பொருள்படும்படி திரித்து உச்சரிக்கிறார்கள். பத்திரிகை நடத்தும் ஒருவர் துப்பறிவோனை அழைக்கிறார். அவன் போய்ச் சந்திப்பதற்கு முன்பே கொல்லப்படுகிறார். கொன்றவன் யார் என்பது நாவலின் முற்பகுதியிலேயே தெரிந்துவிடுகிறது. பழைய மரபில் கதை அதோடு முடிந்திருக்கும். இங்கே அதன் பிறகுதான் கதை தொடங்குகிறது.

கொல்லப்பட்டவரின் தந்தைக்கே சுரங்கமும் வங்கியும் பத்திரிகைகளும் சொந்தம். சில ஆண்டுகளுக்கு முன் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அதை உடைக்க அவர் வெளியூர்ச் சண்டியர்களைக் கொண்டுவந்தார். வேலைநிறுத்தம் உடைந்தது. வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை; நகரத்தையே பங்கு போட்டுக்கொண்டார்கள். ஆக, பத்திரிகைக்காரரைச் சுட்டது ஒரு கை. அந்தச் சாவு நிகழக்கூடிய ஊரை உருவாக்கியது வேறொரு கை. துப்பறிவோன் இரண்டாவது கையைத் தேடுகிறான். குற்றம் என்பது உடம்பில் பட்ட முள் அல்ல, அது உடம்பில் ஓடும் இரத்தத்திலேயே இருக்கிறது என்று காண்பதே இந்தக் கதைகள் கொண்டுவந்த புதுமை.

இதன் பின்னால் உண்மை வரலாறு உண்டு. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பியூட் என்ற செப்புச் சுரங்க நகரம் இருக்கிறது. 1917 ஓகஸ்ட் முதலாந் திகதி பிராங்க் லிட்டில் என்ற தொழிற்சங்கவாதியை முகமூடி அணிந்தவர்கள் அங்கே இழுத்துச் சென்று தூக்கிலிட்டார்கள். எவரும் தண்டிக்கப்படவில்லை. அந்த மனிதரைக் கொல்வதற்குத் தமக்கே பணம் பேசப்பட்டதாக ஹமெட் சொன்னார் என்று அவருடைய நெடுங்காலத் தோழியான நாடகாசிரியை லிலியன் ஹெல்மன் பின்னாளில் எழுதினார். ஆய்வாளர் சிலர் இதை ஐயுறுகின்றனர். ஆனால் வேலைநிறுத்தங்களை முறியடிக்க முதலாளிமார் பிங்கர்டன் போன்ற நிறுவனங்களை அமர்த்தியது ஐயத்துக்கு இடமில்லாதது. அத்தகைய நிறுவனமொன்றின் உள்ளே இருந்து வந்தவர், வெளியே நின்று அதன் வேலையைப் பார்த்து எழுதினார் என்பதே இந்த நாவலின் கனம். 1951இல், பிணை நிதியொன்றுக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களை நீதிமன்றத்தில் சொல்ல மறுத்துச் சிறை சென்றவரும் இதே ஹமெட்தான்.

குறைகளையும் சொல்ல வேண்டும். இந்த நாவலில் இருபதுக்கும் மேற்பட்ட சாவுகள் உண்டு. ஒரு கட்டத்துக்கு மேல் எண்ணிக்கை வாசகனை மரத்துப்போகச் செய்கிறது. பெண்களை இவ்வகைக் கதைகள் பெரும்பாலும் ஆசை காட்டி மோசம் செய்பவர்களாகவே பார்த்தன. ஆனால் நாயகனை ஹமெட் புனிதனாக்கவில்லை. சண்டியர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிடும் துப்பறிவோனுக்கு, கொலை பார்க்கப் பார்க்கப் பழகிவிடுகிறது. அது தன்னையும் பிடித்துக்கொண்டதை அவனே உணர்ந்து அஞ்சுகிறான். முடிவில் நகரம் சுத்தமாகிறது. ஆனால் அது திரும்பிப் போய்ச் சேர்வது அதே சுரங்க முதலாளியின் கைக்கு. இந்தக் கசப்பான முடிவு ஒன்றே இதை வெறும் பொழுதுபோக்கிலிருந்து பிரித்துக் காட்டப் போதும்.

தமிழுக்கு வருவோம். தமிழில் துப்பறியும் கதை நூறாண்டு தாண்டியது. ஆரணி குப்புசாமி முதலியார் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தார். அவற்றுள் ஒன்றின் பெயர் 'இரத்தினபுரி இரகசியம்'. நம் மாகாணத்து இரத்தினபுரிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பெயர்ப் பொருத்தம் மட்டுமே. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார், தேவனின் துப்பறியும் சாம்பு, தமிழ்வாணனின் சங்கர்லால் எனத் துப்பறிவோர் வரிசையாக வந்தார்கள். சாம்பு நம்மைச் சிரிக்க வைத்தார். சங்கர்லால் வியக்க வைத்தார். இருவரும் வந்து போன பின் உலகம் முன்போலவே ஒழுங்காக இருந்தது.

1968இல் குமுதத்தில் வந்த 'நைலான் கயிறு' தொடரில் சுஜாதா கணேஷ் என்ற வழக்கறிஞரை அறிமுகப்படுத்தினார். பின்னர் வசந்த் வந்து சேர்ந்தான். வாசகர் பலருக்குக் கணேஷைப் படிக்கும்போது பெரி மேசன் நினைவுக்கு வருவார். பெரி மேசனைப் படைத்த ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னரும் 'பிளாக் மாஸ்க்' சஞ்சிகையில் எழுதி வளர்ந்தவரே. ஆகையால் தூரத்து உறவு ஒன்று உண்டு. சுஜாதாவின் சிக்கனமான வசனத்திலும், பணமும் செல்வாக்கும் நீதிக்குக் குறுக்கே நிற்பதை அலட்டாமல் சொல்லிப் போகும் தன்மையிலும் அந்த உறவின் சாயல் தெரிகிறது. ஆனால் கணேஷ் பெருநகர மனிதர். அவரிடம் வரும் வழக்குகளும் பெரும்பாலும் பெருநகர வழக்குகளே.

எனில், ஊரே குற்றமாக இருப்பதைக் காட்டும் கதை தமிழுக்குப் புதிதா? இல்லை. சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டத்தை இந்தக் கண்கொண்டு பாருங்கள். திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன். விசாரிக்காமல் ஆணையிட்டவன் அரசன். வெட்டியவன் ஒரு காவலன். கண்ணகி சபைக்கு வந்து அழுதுவிட்டுப் போகவில்லை. தடயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறாள். அரசியின் சிலம்பில் இருப்பது முத்து. தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம். உடைத்துக் காட்டுகிறாள், வழக்கு முடிகிறது. ஆனால் பழைய ஒழுங்கு திரும்பவில்லை, நகரமே எரிகிறது. எங்கள் பக்கத்திலிருந்து ஹங்வெல்ல வழியாகக் கடுவெல போகும் பாதையில் நவகமுவ பத்தினி தேவாலயம் இருக்கிறது. நீதி கேட்ட அந்தப் பெண்ணைச் சிங்கள மக்களும் தெய்வமாக வைத்திருக்கிறார்கள். நீதி கேட்பது எல்லா மொழிக்கும் பொது.

இனி நான் சொல்ல வந்த முக்கிய விடயம். மலையக இலக்கியம் நம் மக்களின் துன்பத்தைச் சொல்வதில் குறை வைக்கவில்லை. ஆனால் துன்பத்தைச் சொல்வது ஒன்று. 'இதைச் செய்தது யார்?' என்று கேட்டுப் பதில் கிடைக்கும்வரை விடாமல் நடப்பது வேறொன்று. அந்த இரண்டாவது காரியத்துக்கு நம் கதைகளில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது. என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' கதையில் ஒரு பெண் பறித்த கொழுந்தின் நிறை சந்தேகத்துக்கு உள்ளாகிறது. ஒரு தராசு முள்ளுக்குள் மானமும் அதிகாரமும் உண்மையும் அடங்கிவிடும் என்று காட்டிய கதை அது. வழி அங்கேயே திறந்திருக்கிறது.

எழுத விடயம் இல்லையா? 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அவருடைய மனைவியின் சார்பில் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜராகிச் சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார். தோட்டம், பொலிஸ், சட்டம், ஒரு விதவை, ஒரு வழக்கறிஞர். இதைவிட ஒரு நாவலுக்கு என்ன வேண்டும்? 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் சப்ரகமுவத் தோட்டங்களில் லயங்கள் எரிந்ததையும், உடுத்த துணியோடு வவுனியாப் பக்கம் போனவர்கள் இருந்ததையும் எங்கள் வயதினர் பெற்றோர் வாயால் கேட்டே வளர்ந்தோம். தீப்பந்தம் பிடித்த கை ஒன்று. அந்தக் கையை லொறியில் ஏற்றி அனுப்பிய கை எது? ஹமெட் கேட்ட கேள்வியும் இதுதான்.

பெரிய நிகழ்ச்சிகள்தான் வேண்டும் என்பதில்லை. எங்கள் பக்கம் இறப்பர் நாடு. பால் வெட்டுகிறவர் பொழுது புலருமுன் மரத்தடிக்குப் போகிறார். இரவில் அந்த வழி வந்தவர் போனவர் விட்டுச் சென்ற தடத்தை முதலில் காண்பவர் அவரே. வெட்டிய பாலை நிறுத்து, அதில் எவ்வளவு இறப்பர் இருக்கிறதென்று மிதவைக் கருவியால் அளந்து, அதை வைத்துத்தான் கிலோக் கணக்கு எழுதுகிறார்கள். அந்த அளவில் ஒரு புள்ளி குறைந்தால் யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம்? கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கம் காணாமற்போனால்? அதைக் கேட்ட இளைஞன் மறுநாள் ஓடைக்கரையில் கிடந்தால்? இது நான் கற்பனையாகக் கட்டிய கதைதான். ஆனால் இந்தக் கதையைத் துப்பறிய லண்டனிலிருந்து எவரும் வரத் தேவையில்லை. பத்தாம் வகுப்புவரை படித்த ஒரு பெண், கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒரு பெண் போதும்.

இளம் எழுத்தாளர்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. ஹமெட்டிடமிருந்து துப்பாக்கியையும் மதுக்கோப்பையையும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அவை அவருடைய ஊருக்கு உரியவை. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: அலங்காரமற்ற சிறு வாக்கியம், சம்பளத்துக்கு உழைக்கும் சாதாரண நாயகன், முதற் பதிலோடு திருப்தி அடையாத கேள்வி.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒன்று. மேசைக்கடியில் மர்மக்கதை படிக்கும் மாணவன் பாடத்தில் அக்கறையற்றவன் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். யார் சொல்வது உண்மை, எது சான்று, இதனால் பயன் பெறுபவர் யார் என்று பக்கத்துக்குப் பக்கம் அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். பத்திரிகைச் செய்தியையும் மேடைப் பேச்சையும் அதே சந்தேகத்தோடு படிக்க அவனைப் பழக்குவது நம் பொறுப்பு. எவர் எதைச் சொன்னாலும் அதில் மெய்யைக் காண்பதே அறிவு என்று நம் முன்னோர் வகுத்து வைத்தது இந்தப் பழக்கத்தைத்தான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது மற்றெவரையும்விட அதிகம் தேவை. ஏனெனில் அவர்களைப் பற்றிய கணக்கு எப்போதும் வேறொருவர் கையால்தான் எழுதப்பட்டு வந்திருக்கிறது.