சலவைச் சீட்டும் சட்டமும்

பௌர்ணமி இரவுகளில் எங்கள் திருவண்ணாமலைக்கு வருகின்ற அன்பர்கள், 14 கிலோமீட்டர் மலையை வலம் வரத் தொடங்குமுன் தம் உடைமைகளைப் பிறரிடம் ஒப்படைக்கின்றனர். வண்டிக்கு ஒரு சீட்டு, செருப்புக்கு ஒரு வில்லை, தங்கும் விடுதியில் ஒரு ரசீது. இத்தகைய சீட்டுகளைச் சற்றே திருப்பிப் பார்த்தால், ‘பொருள் காணாமற்போனால் நிர்வாகம் பொறுப்பன்று’ என்ற வாசகம் பல வேளைகளில் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். கூட்டத்தில் நின்று அதனைப் படிப்பவர் யார்? படித்தாலும், ‘இந்த வரியை அடித்துவிட்டுத் தாருங்கள்’ என்று கேட்கத்தான் முடியுமா? ஆயினும், சீட்டை வாங்கிக்கொண்டதனாலேயே நாம் அதற்கு இசைந்துவிட்டோம் என்று பிறகு நம்மிடமே வாதிப்பார்கள். அந்த வாதம் நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

மாணவர்களே, நம் நாட்டின் ஒப்பந்தச் சட்டம் 1872-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. வயது வந்த இருவர் மனமொப்பிச் செய்துகொண்ட உடன்படிக்கையை நீதிமன்றம் நிறைவேற்றித் தரவேண்டும் என்பது அதன் அடிப்படை. ‘நீ ஏன் இப்படி ஒப்புக்கொண்டாய்?’ என்று நீதிபதி கேட்பது வழக்கமன்று. அவ்வாறு எல்லா ஒப்பந்தங்களிலும் தலையிட்டால் வியாபாரமே நடவாது. எனினும் அச்சட்டத்தின் 23-ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பொதுநலக் கொள்கைக்கு மாறான உடன்படிக்கை செல்லாது என்பதே அது.

அந்தக் கதவின் வழியே ஒரு புடவை நுழைந்த கதை சுவையானது. சென்னையில் ‘லில்லி வைட்’ என்ற சலவை நிலையத்தில் ஒருவர் ஒரு புதுப் புடவையைப் போட்டார். புடவை தொலைந்துவிட்டது. விலையைக் கேட்டபோது, நிலையத்தார் சீட்டின் பின்புறத்தைக் காட்டினர். பொருள் தொலைந்தால் அதன் சந்தை மதிப்பில் 15 சதவிகிதம் மட்டுமே தரப்படும் என்று அங்கே அச்சிட்டிருந்தது. வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தீர்ப்பாயிற்று. அந்த நிபந்தனை செல்லாது என்றது நீதிமன்றம்.

காரணத்தைக் கவனியுங்கள். இரக்கத்தினால் கூறிய தீர்ப்பன்று அது. கணக்குப் பார்த்துக் கூறியது. 400 ரூபாய்ப் புடவை ஒன்று தொலைந்ததாக வைத்துக்கொள்வோம். 15 சதவிகிதம் என்றால் 60 ரூபாய். அதாவது, நேர்மையற்ற சலவைக்காரர் ஒருவர் ‘தொலைந்துவிட்டது’ என்று சொல்லிவிட்டு 60 ரூபாய்க்கு 400 ரூபாய்ப் புடவையைத் தமதாக்கிக்கொள்ளலாம்! ஒப்படைத்த பொருளைக் காப்பதைவிடத் தொலைப்பதில் ஆதாயம் மிகும்படி செய்கின்ற நிபந்தனையை நீதிமன்றம் தன் கையால் நிறைவேற்றினால், அது கவனக்குறைவுக்கும் வஞ்சகத்துக்கும் துணைபோனதாகாதா? அந்தச் சலவை நிலையத்தார் வஞ்சித்தனர் என்று இதற்குப் பொருளன்று. அந்த நிபந்தனை எதற்கெல்லாம் வழிவிடும் என்பதே கேள்வி. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை, சாதாரண விவேகமுள்ளவன் தன் சொந்தப் பொருளைக் காப்பதுபோல் காக்கவேண்டும் என்று அதே ஒப்பந்தச் சட்டத்தின் 151-ஆம் பிரிவு விதிக்கிறது. ஒரு துண்டுக் காகிதம் அந்தக் கடமையைப் பெயரளவினதாக்கிவிட முடியாது.

அப்படியானால் பிடிக்காத நிபந்தனைகள் யாவும் செல்லாதனவா? அல்ல. 1996-இல் உச்சநீதிமன்றம் தீர்த்த வழக்கொன்று இதற்கு நேர் எதிரானது. பின்னலாடை நிறுவனம் ஒன்று ஜெர்மனிக்கு அனுப்பிய ஆவணங்கள் உரியவரைச் சென்றடையவில்லை. தூதஞ்சல் நிறுவனமோ, தன் பொறுப்பு 100 டாலருக்கு மேற்படாது என்று படிவத்தில் எழுதியிருந்தது. அனுப்பியவர் அதில் கையொப்பமிட்டிருந்தார். கையொப்பம் கட்டுப்படுத்தும் என்றே நீதிமன்றம் கூறியது. ஆதலால், படிக்காமல் கையெழுத்திட்டுவிட்டுப் பின்னர் சட்டம் பார்த்துக்கொள்ளும் என்றிருப்பது ஆபத்து. (பள்ளிப் படிவங்களில் பெற்றோர் பேனாவை வாங்கிய வேகத்திலேயே கையெழுத்திட்டுத் திருப்பித் தந்ததை எத்தனையோ ஆண்டுகள் கண்டவன் நான்.)

எங்கே எல்லை வகுப்பது என்ற கேள்விக்கு, 1986-இல் உச்சநீதிமன்றம் ஒரு விடை தந்தது. கல்கத்தாவைச் சேர்ந்த நீர்வழிப் போக்குவரத்துக் கழகம் ஒன்று, மூன்று மாத அறிவிப்பைக் கொடுத்துக் காரணம் காட்டாமலே நிரந்தர ஊழியரை நீக்கலாம் என்று விதி வைத்திருந்தது. பேரம் பேசும் வலிமையில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உள்ள இருவரிடையே, வலியவர் எழுதி நீட்டிய நேர்மையற்ற நிபந்தனையை நீதிமன்றம் நிறைவேற்றாது என்று கூறி, அவ்விதி தள்ளப்பட்டது. அது ஊழியர் பற்றிய வழக்கு. எனினும் அச்சிட்ட படிவத்தில் புள்ளியிட்ட கோட்டின்மேல் கையெழுத்திடும் சாமானியனையும் அத்தீர்ப்பு நினைவுகூர்ந்தது. வலிமை ஒத்த இரு வணிகர்களுக்கு இந்த விதி பொருந்தாது என்றும் சேர்த்தே சொன்னது.

2019-ஆம் ஆண்டு வீடு வாங்குவோர் வழக்கு ஒன்றில் இது நன்கு விளங்கியது. தவணை தாமதமானால் வாங்குபவர் 18 சதவிகித வட்டி தரவேண்டும். கட்டுபவரோ குறித்த காலத்தில் வீட்டைத் தராவிட்டாலும், வாங்குபவர் மேலும் ஓராண்டு காத்திருந்து, பின் 90 நாள் அறிவிப்புக் கொடுத்து, பணம் திரும்ப மற்றொரு 90 நாள் பொறுக்கவேண்டும். அதன் பின்னும் பணம் வராவிட்டால் மட்டுமே 9 சதவிகித வட்டி! இப்படி ஒருதலையாக எழுதப்பட்ட ஷரத்து வாங்குபவரைக் கட்டுப்படுத்தாது என்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் தில்லி விடுதியொன்றின் வழக்கில், விடுதிப் பணியாளர் சாவியை வாங்கி நிறுத்திய கார் திருட்டுப்போனால், ‘உரிமையாளர் பொறுப்பில்’ என்று சீட்டில் எழுதியிருப்பதாலேயே விடுதி தப்பிக்க முடியாது. தன் பக்கம் கவனக்குறைவில்லை என்று அதுவே விளக்கவேண்டும் என்றும் முடிவாயிற்று. வண்டியை நாமே நிறுத்திச் சாவியையும் நாமே கொண்டுபோகும் இடத்தின் நிலை வேறு. அங்கே வண்டியை ஒப்படைத்தோமா, இடத்தை மட்டும் வாடகைக்குப் பெற்றோமா என்று முதலில் பார்க்கவேண்டும்.

நேர்மையற்ற நிபந்தனைகளுக்கென ஒப்பந்தச் சட்டத்திலேயே தனி விதி சேர்க்கவேண்டும் என்று சட்டக் கமிஷன் 1984-இலேயே தன் 103-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அந்தச் சட்டத்தில் அது ஏறவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்பதற்கு இலக்கணம் வகுத்தது. மிகையான முன்வைப்புத் தொகை, இழப்புக்குப் பொருந்தாத அபராதம், தக்க காரணமின்றி ஒருவரே முறித்துக்கொள்ளும் உரிமை முதலியன அதில் அடங்கும். இத்தகைய நிபந்தனை செல்லாதென அறிவிக்கும் அதிகாரமும் தரப்பட்டது.

ஆனால் அந்த அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் உண்டு. மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தொலைந்த புடவைக்காகச் சேவைக் குறைபாடு என்று இம்மாவட்டத்திலேயே முறையிடலாம். ஒப்பந்தமே நியாயமற்றது என்பதுதான் அவர் முறையீடு என்றால், அது சென்னை ஆணையத்துக்குச் செல்லவேண்டும். ஒரு புடவையின் விலைக்காக யார் அவ்வளவு தூரம் போவார்? சிறு தொகை வழக்குகளிலேனும் இந்த அதிகாரத்தை மாவட்டத்துக்கு வழங்குவதே முறை என்பது என் கருத்து.