வீட்டில் பட்டை விளக்கு அமைக்கும் முறை

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் உழவர் பெருமக்களுக்கும் நடைபெற்ற பயிற்சி வகுப்பில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



சாலை, குடிநீர், பள்ளிக் கட்டடம் ஆகியவற்றைப் பற்றி நாம் பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்று வீட்டுக்குள் எரியும் விளக்கைப் பற்றிச் சிறிது நேரம் பேச விரும்புகிறோம். இதனைச் சிறிய விஷயமென்று எவரும் எண்ணலாகாது. பொழுது சாய்ந்தபின் சமைப்பதும், வரவுசெலவு எழுதுவதும், பிள்ளைகள் படிப்பதும் விளக்கொளியில்தான் நடைபெறுகின்றன.

2015-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கிய பின்னர், எல்.இ.டி. விளக்குகள் நாடெங்கும் வேகமாகப் பரவின. 60 வாட் குண்டு பல்பு தந்த ஒளியை ஏறத்தாழ 8 அல்லது 9 வாட் எல்.இ.டி. தந்துவிடுகிறது. அதே இனத்தைச் சேர்ந்த பட்டை விளக்கு இப்போது கிராமங்களுக்கும் வந்திருக்கிறது. ‘ஸ்டிரிப் லைட்’ என்று கேட்டால், நாடாச் சுருள் போன்ற அதனைக் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார். நம்மவர் அதை வாங்கிச் சுவரிலும் பரணிலும் நேரே ஒட்டிவிடுகின்றனர். ஓராண்டுக்குள் அது அங்கங்கே இருண்டு, பசை விட்டுத் தொங்குவதைப் பல இல்லங்களில் காண்கிறோம். குறை பெரும்பாலும் விளக்கில் இல்லை. அமைத்த முறையில்தான் இருக்கிறது. திருவிழாவுக்கு நான்கு நாள் எரியும் பட்டைக்குப் பசை போதும். நாள்தோறும் எரிய வேண்டிய பட்டைக்கு அலுமினியச் சட்டமும் ஒளி பரப்பும் மூடியும் இன்றியமையாதன. இதனைத் தங்களிடம் வற்புறுத்திக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

எங்கே அமைப்பது?

பிரதம மந்திரி கிராமக் குடியிருப்புத் திட்டத்தில் 2016-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட குறைந்தபட்ச வீட்டின் அளவு 25 சதுர மீட்டர். இத்தகைய சிறு வீட்டில் அறைக்கு ஒரு விளக்கு நடுவே இருப்பது வழக்கம். சமையல் மேடையின் முன் நிற்கும் பெண்மணிக்கு அவ்விளக்கு முதுகுக்குப் பின்னே எரிகிறது. அவரது நிழலே காய் நறுக்கும் கத்தியின் மேல் விழுகிறது. படிக்கும் பிள்ளைக்கும் இதே நிலைதான். பெரிய விளக்கு ஒன்றை மாட்டினாலும் அந்நிழல் போகாது. ஒளி வரும் திசை மாறினால்தான் போகும். மேடைக்கு மேலுள்ள சிமெண்டுப் பலகையின் அடியில், முன்விளிம்பை ஒட்டி ஒரு பட்டை அமைத்தால் மேடை முழுவதும் நிழலின்றி ஒளி பெறும். படிக்கும் மேசைக்கு மேலும், மாடிப்படியின் ஓரத்திலும் இவ்வாறே அமைக்கலாம். வீட்டைச் சுற்றி அழகுக்கென இருபது மீட்டர் ஒட்டுவதைவிட, இருள் தங்கும் இரண்டு இடங்களில் இரண்டிரண்டு மீட்டர் செம்மையாக அமைப்பதே சிக்கனமும் பயனும் ஆகும்.

சட்டம் எதற்கு?

குண்டு பல்பு தன் வெப்பத்தைக் கதிராக வெளியே வீசிவிடும். எல்.இ.டி. அவ்வாறு செய்வதில்லை. அது பெறும் மின்சாரத்தில் பாதிக்கு மேல் வெப்பமாகி, அதன் அடிப்பாகத்திலேயே தங்குகிறது. வெண்ணிற எல்.இ.டி. என்பது நீல ஒளி தரும் சிறு சில்லின்மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சைப் பூசியதாகும். அந்நீல ஒளிச் சில்லை உருவாக்கியமைக்காகவே அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அடிப்பாகத்தின் வெப்பம் வெளியேறாவிடில் சில்லும் பூச்சும் நாளடைவில் நலிந்து, ஒளி மங்கி, நிறம் மாறும், பசையும் இளகும். மரத்தைவிட அலுமினியம் வெப்பத்தை ஆயிரம் மடங்குக்கு மேல் விரைவாகக் கடத்தும். பட்டையை அலுமினியத்தின்மேல் ஒட்டினால் வெப்பம் நீளவாக்கில் பரவிக் காற்றில் கலந்துவிடும். கடைகளில் இச்சட்டத்தைப் ‘புரொஃபைல்’ என்பர். மேற்பரப்பில் திருகிப் பொருத்துவது, பலகைக்குள் பதிப்பது, மூலையில் சாய்வாக நிற்பது என இது மூவகைப்படும். சமையல் மேடைக்கு முதல்வகையோ மூன்றாம்வகையோ போதும்.

மூடியின் பயன்

மூடியில்லாத பட்டை கண்ணைக் கூசச் செய்யும். கருங்கல் மேடையிலும் எவர்சில்வர் பாத்திரத்திலும் புள்ளி புள்ளியாகப் பிரதிபலிக்கும். தாளிக்கும் எண்ணெய்ப் புகையும் பூச்சியும் தூசியும் அதன்மேல் படியும். பால்நிற மூடி இவையனைத்தையும் தடுக்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் தூய்மையாகும். இதற்கு விலையாக ஒளியில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை குறையும். ஆகவே சற்றே கூடுதல் வாட் கொண்ட பட்டையை வாங்க வேண்டும்.

புள்ளி தெரியாமலிருக்க ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு எல்.இ.டி.க்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளியோ, குறைந்தது அவ்வளவு தூரம் பட்டைக்கும் மூடிக்கும் இடையே இருத்தல் வேண்டும். மீட்டருக்கு 60 உள்ள பட்டையில் இடைவெளி சுமார் 17 மில்லிமீட்டர். 120 உள்ளதில் சுமார் 8 மில்லிமீட்டர். 240 உள்ளதில் சுமார் 4 மில்லிமீட்டர். 15 மில்லிமீட்டர் ஆழமுள்ள சட்டத்துக்கு 120 உள்ள பட்டை ஏற்றது. ஆழம் குறைந்த சட்டத்துக்கு 240 உள்ளதை வாங்குக.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

பட்டைகள் 12 வோல்ட், 24 வோல்ட் என இருவகை. ஒரே வாட்டுக்கு 24 வோல்ட் பட்டையில் பாயும் மின்னோட்டம் பாதியே. எனவே வழியில் ஏற்படும் இழப்பு மிகக் குறைவு. வாய்க்காலில் தலைமடை செழித்துக் கடைமடை வாடுவதுபோல், நீண்ட 12 வோல்ட் பட்டையின் கடைசிப் பகுதி மங்கி எரியும். 12 வோல்ட்டை 5 மீட்டருக்கு மேல் ஒரே தொடராக ஓட்டலாகாது.

நிறத்தைப் பொறுத்தவரை, படுக்கை அறைக்கு 3000 கெல்வினும் சமையலுக்கும் படிப்புக்கும் 4000 கெல்வினும் பொருத்தமானவை. நீலம் மிகுந்த 6500 கெல்வின் ஒளி பூச்சிகளை அதிகம் ஈர்க்கும். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனைச் ‘சி.ஆர்.ஐ.’ என்பர். அது 90-க்கு மேலிருந்தால் அரிசியில் கல்லையும் கீரையில் பழுப்பையும் எளிதில் பிரித்தறியலாம். தண்ணீர் தெறிக்கும் இடத்துக்கு ஐ.பி. 65 என்னும் ஈரக்காப்புக் குறியீடுடைய பட்டை வேண்டும்.

230 வோல்ட் மின்சாரத்தைத் தாழ்த்தித் தரும் கருவிக்கு ‘டிரைவர்’ என்று பெயர். அதன் திறன் பட்டையின் தேவையைவிட ஐந்தில் ஒரு பங்கேனும் கூடுதலாக இருத்தல் வேண்டும். ஓர் உதாரணம் கூறுவோம். ஆறடி மேடைக்கு 1.8 மீட்டர் பட்டை தேவை. மீட்டருக்கு 9.6 வாட் எனில் மொத்தம் சுமார் 17 வாட். இதற்கு 24 வாட் டிரைவர் போதும். டிரைவரின் இழப்பையும் சேர்த்து 20 வாட் என்று கொண்டால், நாளொன்றுக்கு 4 மணி நேரம் எரித்தாலும் இரண்டு மாதத்துக்குச் சுமார் 5 யூனிட்டுதான் ஆகும். பழைய 40 வாட் குழல்விளக்கு, சோக்கையும் சேர்த்தால், ஏறத்தாழ 12 யூனிட் தின்னும்.

அமைக்கும் முறை

முதலில் இடத்தை அளந்து, சட்டத்தை இரும்பறுக்கும் ரம்பத்தால் அறுத்து, முனையை அரத்தால் ராவி மழுக்குக. சட்டத்துடன் வரும் கவ்விகளைத் திருகாணியால் பொருத்திச் சட்டம் நேராக அமர்கிறதா என்று பார்க்கவும். கேஸ் அடுப்புக்கோ விறகடுப்புக்கோ நேர் மேலே இதனை அமைக்க வேண்டா; மூடி பிளாஸ்டிக்காலானது என்பதை மறக்கலாகாது. பின்னர்ச் சட்டத்தின் உட்புறத்தை ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்து உலர விடுக. பட்டையைக் குறியிட்ட இடத்தில் மட்டுமே வெட்ட வேண்டும். 12 வோல்ட் பட்டையில் பெரும்பாலும் மூன்று எல்.இ.டி.க்கு ஒரு குறியும், 24 வோல்ட்டில் ஆறு அல்லது ஏழுக்கு ஒரு குறியும் இருக்கும். கூட்டல், கழித்தல் முனைகளை மாறாமல் ஈயம் வைத்துப் பற்றவைத்து, ஒட்டுவதற்கு முன் ஒருமுறை எரித்துப் பார்க்கவும். சரியாயின், மின்சாரத்தை நிறுத்திவிட்டு, பட்டையைச் சிறிது சிறிதாக அழுத்தி ஒட்டி, மூடியைச் செருகி, முனை மூடிகளை மாட்டுக. டிரைவரைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிடாமல், காற்றோட்டமுள்ளதும் கைக்கு எட்டுவதுமான இடத்தில் வைக்க வேண்டும்.

சூரிய ஒளியால் மின்னேறும் 12 வோல்ட் பேட்டரியில் பட்டையை நேரே இணைக்கும் வழக்கம் சில இல்லங்களில் உண்டு. மின்னேறும் வேளையில் அது 14 வோல்ட்டையும் தாண்டும். பட்டை சூடேறிக் கெடும். இடையே வோல்ட்டை நிலைப்படுத்தும் கருவி ஒன்று அவசியம்.

உயிர்க் காப்பு

இனிக் கூறுவது மிக முக்கியமானது. டிரைவர் இன்றி, நேரே 230 வோல்ட்டில் எரியும் கயிறுபோன்ற பட்டைகளும் மலிவாக விற்கின்றன. அவற்றை அலுமினியச் சட்டத்துக்குள் ஒருபோதும் வைக்கலாகாது. மேலுறை ஓரிடத்தில் கிழிந்தால் சட்டம் முழுவதும் மின்சாரம் பாயும். ஈரக்கையுடன் அதைத் தொடுபவர் பெரும்பாலும் வீட்டுத் தாயாகவோ குழந்தையாகவோ இருப்பர். விலையில் மிச்சம் பிடித்து உயிரைப் பணயம் வைப்பது எவ்வகையிலும் தகாது. உள்ளே மின்காப்புப் பிரிப்புள்ள, இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவுக் குறி பெற்ற டிரைவரையே வாங்குக. உலோக உறையுள்ளதாயின் அதை எர்த்துடன் இணைத்தல் வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும். சட்டத்தையும் பட்டையையும் நாமே பொருத்தலாம். 230 வோல்ட் இணைப்பை மட்டும் உரிமம் பெற்ற வயர்மேனிடம் விட்டுவிடுக.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு

தங்கள் ஊரில் புதிய வீடு எழும்பும்போது, சுவர்ப் பூச்சுக்கு முன்பே சென்று, சமையல் மேடைக்கு மேலும் படிக்கும் இடத்துக்கு மேலும் மின்குழாய் ஒன்று பதித்து வைக்குமாறு வீட்டாரிடம் கூறுங்கள். அப்போது அதற்கு ஆகும் செலவு சொற்பம். பிறகு சுவரை உடைத்துச் செய்வதோ பெருஞ்செலவு. எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் உள்ளனவா என்பதையும் கேட்டறியுங்கள். தொழிற்பயிற்சி பெற்ற இளைஞர் எவரேனும் ஊரில் இருப்பின், அவரைக் கொண்டு ஊராட்சி அலுவலகத்து எழுதும் மேசைக்கு மேல் ஒரு பட்டையை முறைப்படி அமைக்கச் செய்யுங்கள். ஆயிரம் சொற்கள் கூறி விளங்காதது ஒருமுறை கண்டால் விளங்கும்.

நாள் முழுவதும் வயலில் உழைத்துத் திரும்பும் நம் மக்கள், மாலையில் தத்தம் வேலையை நிழலில் தடுமாறாமல் செய்ய வேண்டும். அதற்கான பொருள் கடையிலிருக்கிறது, முறையும் எளிது. முறையறிந்து அமைத்து, நீண்டநாள் பயன் பெறுமாறு அனைவரையும் கேட்டுக்கொண்டு இவ்வுரையை முடிக்கிறோம்.