ஊர் கூடி ஒரு பூங்கா

(வாலிபர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



அயலவர் யாவரும் கூடி இருக்கத்தக்க ஒரு பூங்காவை எவ்வாறு அமைக்கலாம் என்பது பற்றிப் பேசுமாறு சங்கத்தார் என்னைப் பணித்திருக்கின்றனர். "நாற்புறமும் கடல் சூழ்ந்த மன்னார்த் தீவுக்குப் பூங்கா எதற்கு? கடற்கரை போதாதா?" என்று சிலர் கேட்பர். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் நமது கடற்கரை பெரும்பாலும் தொழில் செய்யும் இடம். அங்கே வள்ளம் ஏற்றுகிறார்கள், வலை பொத்துகிறார்கள், கருவாடு காயவைக்கிறார்கள். குழந்தை ஓடி விளையாடவும், முதியவர் நிழலில் அமரவும், பெண்கள் அச்சமின்றி மாலையில் உலாவவும் வேறோர் இடம் வேண்டும் அல்லவா?

நிழலின் அருமையை நமக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளிமுனையிலே நிற்கும் பெருக்கமரத்தைப் பாருங்கள். அதன் அடிமரம் ஏறத்தாழ 19.5 மீற்றர் சுற்றளவுடையது. பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் அராபிய வணிகர் வழியாக அம்மரம் இங்கு வந்ததென்பர். அதை நட்டவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஆயினும் சைவர், கத்தோலிக்கர், இஸ்லாமியர் என்ற பேதமின்றி எல்லோரும் அதன்கீழ் நிற்கின்றனர். பூங்கா என்பதன் இலக்கணம் அதுவே.

பொதுக்காரியம் ஒன்றை மக்கள் கூடிச் செய்வது நமக்குப் புதியதன்று. திருக்கேதீச்சரத்தை மீட்டெடுக்க வேண்டுமென்று ஆறுமுக நாவலர் 1872இல் அறிவித்தார். சைவ மக்கள் நிலத்தைப் பெற்றது 1893இல். சிறு கோயில் எழுந்தது 1903இல். 1948இல் திருப்பணிச் சபை அமைந்து பெரும்பணி தொடங்கியது. எண்ணம் முதலில், நிலம் அடுத்து, கட்டடம் அதன் பின்னர் என்ற ஒழுங்கு இதில் விளங்குகின்றது.

யாழ்ப்பாணப் பொதுநூலகத்தையும் நினையுங்கள். கே. எம். செல்லப்பா அவர்கள் 1933இல் தமது வீட்டிலிருந்தே நூல்களை இரவல் கொடுக்கத் தொடங்கினார். மறு ஆண்டு ஒரு குழு அமைந்து, வாடகை அறையிலே வாசிகசாலை திறக்கப்பட்டது. ஊரார் நிதி சேர்ந்தது. 1959இல் பெருங்கட்டடம் திறந்துவைக்கப்பட்டது. 1981இல் அஃது எரியூட்டப்பட்டபோது ஊரே அழுதமைக்குக் காரணம், அதில் ஊரின் கை பட்டிருந்தமையே.

பிற நாடுகளிலும் இவ்வழி உண்டு. பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரில், 1989 முதல், நகரசபைப் பணத்தை எதற்குச் செலவிடலாம் என்று வட்டாரந்தோறும் குடிமக்கள் கூடி முடிவு செய்யும் முறை தொடங்கிற்று. கேரளத்திலே 1996இல் மக்கள் திட்ட இயக்கம் கிராம சபைகளை அவ்வாறே பேசவைத்தது. தமிழ்நாட்டில் 1997இல் தோன்றிய 'நமக்கு நாமே' திட்டத்தில், வேலைச் செலவில் ஒரு பங்கை மக்கள் தந்தால் எஞ்சியதை அரசு தரும் என்று வகுத்தனர். பணம் கொடுத்தவன் காவலும் இருப்பான் என்பதே அதன் உட்பொருள்.

இனி நமது காரியத்துக்கு வருவோம். முதலாவது, கேட்டல். "பூங்கா வேண்டுமா?" என்று கேட்டால் எல்லோரும் "வேண்டும்" என்பர், அதனாற் பயனில்லை. "எத்தனை மணிக்கு வருவீர்கள்? எது இருந்தால் வரமாட்டீர்கள்?" என்று கேட்க வேண்டும். மாலைக் கூட்டம் வைத்தால் இரவுத் தொழிலுக்குப் போகும் கடற்றொழிலாளர் வாரார். சமையல் வேளையில் வைத்தால் தாய்மார் வாரார். ஆகவே ஒரு கூட்டம் போதாது. வீடு வீடாகவும் செல்ல வேண்டும். கோயில் வீதியில் மாத்திரம் கேட்டுவிட்டு ஊரைக் கேட்டோம் என்பது பொய்யாகும். பள்ளிவாசல் அயலிலும் தேவாலய அயலிலும் கேட்க வேண்டும். 1990இல் வெளியேற்றப்பட்டுப் பின்னர் மீண்டு வந்த இஸ்லாமியக் குடும்பங்களையும் கேட்க வேண்டும். "உங்கள் பூங்கா" என்று ஒருவர் சொல்லும் நிலை வந்தால், நாம் செய்தது பூங்கா அன்று, வேலி.

கேட்டால் முரண்பாடு வரும். வாலிபர் பந்தாட நிலம் கேட்பர். பெரியோர் அமைதி கேட்பர். இருவரும் நியாயமுடையோர். சிறிய காணியானால் நேரத்தைப் பங்கிடலாம். பெரிய காணியானால் இடத்தைப் பங்கிடலாம். உரத்த குரலுடையவன் விரும்பியதையே ஊர் விரும்பியதாக எழுதிவிடலாகாது.

இரண்டாவது, நிலம். காணி யாருடையது என்பதைப் பிரதேச செயலகத்தில் எழுத்தில் அறிய வேண்டும். நகரசபை அல்லது பிரதேச சபை அதைத் தன் பொறுப்பில் ஏற்க வேண்டும். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம் என்பதால், அதனுள் கட்டுமானம் செய்ய அனுமதி வேண்டும். மாரியில் வெள்ளம் வடியும் தாழ்நிலத்தை மண்ணிட்டு நிரப்பிப் பூங்கா செய்வோமாயின், அயல்வீட்டு முற்றத்தில் நீர் நிற்கும். அது புண்ணியமன்று.

மூன்றாவது, நீரும் மரமும். நமது தீவின் நன்னீர், மணலுக்குள் உப்புநீரின்மேல் மிதக்கும் மெல்லிய படலம். மிகுதியாக இறைத்தால் உப்பு மேலேறும். ஆகவே பிறவூர்ப் புற்றரையும் பூச்செடியும் நமக்கு ஏலா. வேம்பு, பூவரசு, புன்னை, பனை போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நட்டு, முதற் சில கோடைகள் நீர்விட்டு, ஆடு மாடும் கழுதையும் கடியாமல் கூடு கட்டிக் காத்தால் பின்னர் அவை நம்மைக் காக்கும்.

நான்காவது, பணம். சபையின் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் முந்திய ஆண்டு முடியுமுன்னரே நிறைவேறுவது. தை மாதத்தில் மனுக் கொடுப்பவன் பிந்தியவன். வரவுசெலவு தயாராகும் காலத்திலேயே நமது கணக்கோடு உறுப்பினர்களிடம் செல்ல வேண்டும். உள்ளூரார் பணமாயினும் சிரமதானமாயினும் தரட்டும். வெளிநாட்டிலுள்ள உறவினரிடமும் கேட்கலாம். ஆனால் இரண்டு பணப்பை வையுங்கள். ஒன்று அமைப்பதற்கு, மற்றது பராமரிப்பதற்கு. ஊஞ்சற் சங்கிலி துருப்பிடிக்கும், குப்பை சேரும், மின்விளக்கு அணையும். திறப்பு விழாவுக்கு மாலை வாங்கப் பணம் கிடைக்கும். சங்கிலி மாற்றக் கிடைப்பது அரிது. ஆதலால் இரண்டாம் பை நிரம்புமுன் அடிக்கல் நாட்ட வேண்டாம். வரவும் செலவும் மாதந்தோறும் பலகையில் எழுதி வாயிலில் தொங்கட்டும். சந்தேகம் முளைக்கும் இடத்தில் மரம் முளையாது.

இளைஞர்களே, நமது சங்கம் இதில் முன்னிற்கலாம், முதலாளியாக நிற்கலாகாது. வாயிலில் சங்கத்தின் பெயர்ப்பலகை வேண்டுமென்ற ஆசை சிலருக்கு உண்டென்பதை அறிவேன். உழைத்தவனுக்கு அந்த ஆசை எழுவது இயல்பே. ஆயினும் ஒரு சங்கத்தின் பெயரைத் தாங்கிய பூங்காவில் மற்றவர் விருந்தினராகவே அமர்வர். விருந்தினர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடம் பிடித்தவர் பெயரை எவரும் வடத்தில் எழுதுவதில்லை.

பெரியோர்களே, காணியும் அநுபவமும் உங்களிடம் உண்டு. காலும் கையும் வாலிபரிடம் உண்டு. வருகின்ற மாரிக்கு முன்னர் அயலில் ஒரு வீடு விடாமல் கேட்டு முடிப்போம் என்று இச்சபை இன்று தீர்மானிக்குமாயின், அதுவே இவ்விழாவின் பெரும்பயன்.