இல்லத்தரசிக்கு ஓர் இல்லம்

(நவராத்திரி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



ஒன்பது இரவுகள் அன்னையைப் போற்றி வழிபடும் இம்மண்டபத்திற்கு அருகிலேயே, அம்பாங் வட்டார மலிவு விலை அடுக்குமாடிகளில், கணவனிடம் அடிபட்டு வாய்மூடி வாழும் பெண்கள் உண்டென்பது எவரும் அறியாத செய்தியன்று.

வறுமையே இதற்குக் காரணம் என்பர். செல்வர் இல்லங்களிலும் இக்கொடுமை நிகழ்வதால் அது முழு உண்மையாகாது. குடியும் வேலையின்மையும் வன்முறையைப் பெருக்குகின்றன. ஆயினும் வறுமை இழைக்கும் பெருந்தீங்கு, அடிபட்டவள் வெளியேறிச் செல்ல ஓர் இடமில்லாமற் செய்துவிடுவதே.

கேரளத்துத் திருவனந்தபுரம் மாவட்டத்துப் பெண்களிடையே பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. நிலமும் வீடும் தம் பெயரில் இல்லாத பெண்களுள் 49 விழுக்காட்டினர் கணவரிடம் அடிபட்டிருந்தனர். வீடு மட்டும் உடையோருள் 10 விழுக்காடு. இரண்டும் உடையோருள் 7 விழுக்காடே. சொந்தக் கூரை உடையவளுக்குப் போக்கிடம் உண்டு. அதனைக் கணவனும் அறிவான். தாலிக்கொடியின் எடையைப் பார்த்துப் பார்த்துச் செய்யும் பெற்றோர், வீட்டுப் பத்திரத்தில் மகளின் பெயர் உண்டா எனக் கேட்பது அரிது.

தோட்டப்புற லயங்களில் ஒரு வீட்டுக் கூச்சல் பத்து வீட்டுக்குக் கேட்கும். மூதாட்டி ஒருவராவது ஓடிவந்து தடுப்பார். (தோட்டத்து வாழ்வு பொற்காலமன்று, கள்ளும் சம்சுவும் குலைத்த குடும்பங்கள் அங்கும் பல.) தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் நகருக்கு வந்தபின், அடுக்குமாடியின் இரும்புக் கதவு அத்துணையையும் அடைத்துவிட்டது.

அழுதுகொண்டு ஆலயத்தை நாடி வருபவளைப் "பொறுத்துப் போம்மா" என்று திருப்பி அனுப்புவது நல்லெண்ணமே. ஆயினும் அவள் திரும்புவது அதே கைகளிடம்.

1994ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் 1996இல் நடைமுறைக்கு வந்தது. திருமணம் பதிவாகாவிடினும், சமய முறைப்படி தாலி கட்டப்பெற்றவளை அச்சட்டம் மனைவியாகவே ஏற்கிறது. "பதிவில்லாத உனக்கு எந்தச் சட்டமும் துணை வராது" என மிரட்டும் கணவன் கூறுவது பொய். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, நீதிமன்றம் செல்லாமலேயே சமூக நல இலாகா அதிகாரியிடம் 7 நாள் அவசரப் பாதுகாப்பு ஆணை பெறலாம். 15999 என்ற அரசாங்க உதவித் தொலைபேசி இரவிலும் இயங்குகிறது.

அர்ச்சனைக் கட்டண விவரம் தொங்கும் அறிவிப்புப் பலகையில் அந்த எண்ணையும் எழுதி வைக்க, ஆலய நிர்வாகத்தினருக்குச் செலவேதுமில்லை.